முட்டைப் பந்தும் அண்ணாவின் முழங்காலும்

எங்கள் பாசமிகு அண்ணா யாழ்ப்பாணத்தில் பிறந்தார். போர் குடும்பத்தைப் பிரித்தபோது அவர் சித்தப்பாவுடன் மெல்பேர்னுக்குப் போனார். நான் அப்பா அம்மாவுடன் இங்கே சுவிஸிலுள்ள லாங்கன்தாலுக்கு வந்தேன். மெல்பேர்னில் அண்ணா அவுஸ்திரேலியக் காற்பந்து ஆடினார். பந்து முட்டை வடிவம். காலால் உதைக்கலாம், கையாலும் குத்தலாம். முன்னே நின்று கோல் அடிப்பதுதான் அவர் வேலை. நடுவிலுள்ள இரண்டு கம்பங்களுக்கிடையே பந்து போனால் ஆறு புள்ளி, சற்று விலகிப் போனாலும் ஒரு புள்ளி என்று தொலைபேசியில் விளக்குவார். குறி தவறியவனுக்கும் புள்ளி கொடுக்கும் விளையாட்டு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்பா காலமானபின் அம்மா சமைக்கவில்லை, கதைக்கவில்லை, கட்டிலை விட்டு எழும்பவுமில்லை. அந்த நேரத்தில் அண்ணா பெட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"முழங்கால் போச்சு. இனி விளையாட ஏலாது."

அம்மா எழும்பிப் போய் நல்லெண்ணெய் சூடாக்கினார். அன்று தொடங்கிய வைத்தியம் அண்ணா இங்கே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பின்னும் மாலைதோறும் நடந்தது. இவ்வளவு எண்ணெய்க்கும் மசியாத முழங்காலும் உலகத்தில் உண்டோ என்று நான் பகிடி பண்ணியிருக்கிறேன். அண்ணா சிரித்துக்கொண்டு இருப்பார்.

மாரடைப்பு அவரைத் திடீரெனக் கொண்டுபோய்விட்டது. இறுதிக் கிரியைக்கு மெல்பேர்னிலிருந்து அவருடைய குழு நண்பர் ஒருவர் வந்திருந்தார். நான் முழங்காலைப் பற்றிச் சொன்னதும் அவர் விழித்தார். அண்ணாவுக்கு ஒரு காயமும் இருக்கவில்லையாம். அந்தப் பருவத்தில் குழுவில் அதிக கோல் அடித்தவரே அவர்தானாம். இறுதியாட்டத்துக்கு முன்பு, அம்மாவிடம் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாராம்.

அண்ணாவின் இந்த நினைவு மலரில் எதை எழுதுவது? உண்மையை எழுதினால் அதை வாசிக்கும் அம்மாவின் மனம் என்ன பாடுபடும்? எழுதாவிட்டால் அண்ணா எதை விட்டுவிட்டு வந்தார் என்பது ஒருவருக்கும் தெரியாமலே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் கிடந்து குழம்பி, கடைசியில் அம்மாவிடமே மெல்லக் கேட்டேன்.

"எனக்குத் தெரியும், பிள்ளை. முழங்கால் போனவன் படியை ரெண்டு ரெண்டாத் தாண்டுவானோ?"

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு காலமும் எண்ணெய் பூசினனீங்கள்?"

"கால் சுகமெண்டால் அவனைத் திருப்பி அனுப்பவெல்லோ வேணும். எனக்கு மனம் வரேல்லை."

சொல்லிவிட்டு அம்மா அழுதார். இதை அப்படியே எழுதச் சொன்னவரும் அவர்தான்.

செய்தி கேட்டதும் ஓடிவந்தோர், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்து தந்தோர், கடல் கடந்து வந்த அந்த நண்பர் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாவைக் கட்டிப்பிடிப்பதா, அம்மாவோடு கோபிப்பதா என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை. இப்படியான சிக்கல் வந்தால் இந்த வீட்டில் நாங்கள் அண்ணாவைத்தான் கேட்போம். இதை யாரிடம் கேட்பது?