தேயிலை டின்னுக்குள் ஒளித்த குளிசை

என் மனுசனின் இருமலுக்கு நான் துறைமுகத்துச் சீமெந்துத் தூசியைத்தான் திட்டித் தீர்த்தேன். கப்பலிலிருந்து சீமெந்து இறக்கும் இடத்தில் இருபது வருடம் நின்றவர். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கைச் சனத்துக்கும் அதே நினைப்புத்தான்.

நெஞ்சு டொக்டரிடம் மூன்று தடவை போனோம். பிரஷர் குளிசை, சீனிக் குளிசை எல்லாம் பையில் கொண்டுபோய்க் காட்டினேன். ஞாபக மறதிக்கு எடுத்த குளிசையை மட்டும் காட்டவில்லை. அது வீட்டில் தேயிலை டின்னுக்குள் இருந்தது. வெளியில் தெரிந்தால் அவருக்கு விசர் என்று கதை கட்டுவார்கள், மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று பயம். என்ன மூளையோ எனக்கு!

நாலாம் தடவை ஸ்கானைப் பார்த்துவிட்டு டொக்டர் கேட்டார்: "சுவாசப்பையில தழும்பு விழுந்திருக்கு அம்மா. வேற மருந்து ஏதும் குடிக்கிறவரோ?"

நான் வாய் திறக்கமுதல் இவர் முந்திக்கொண்டார். "தேயிலை டின்னுக்க ஒண்டு வச்சிருக்கிறா."

எல்லாம் மறக்கிற மனுசனுக்கு அது மட்டும் மறக்கவில்லை. வெட்கத்தோடு பெயரைச் சொன்னேன். டொனெபெசில். ஞாபகத்துக்கு வேண்டிய இரசாயனம் மூளையில் சிதைந்துபோகாமல் தடுக்கிற குளிசை. அதைத் தொடங்கிய பிறகுதான் அவர் என்னை மீண்டும் அடையாளம் கண்டு, "இஞ்சாரும்" என்று கூப்பிட்டார்.

அந்த மருந்துக்கும் இந்தத் தழும்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொல்லுகிறார்களாம். "அதுதான் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது. சீமெந்தாயும் இருக்கலாம். நிப்பாட்டிப் பாப்பம். விழுந்த தழும்பு மாறாது, மேல கூடாமல் இருந்தாப் போதும்" என்றார் டொக்டர்.

"நிப்பாட்டினா என்னை மறந்திடுவாரோ?"

"மறக்கக்கூடும், அம்மா."

குளிசையை எழுதித் தந்த நரம்பு டொக்டரும் நிறுத்தலாம் என்றார். ஆனாலும் ஒரு கிழமை எனக்கு மனம் வரவில்லை. மூச்சு இருந்தால்தானே மனுசன் என்று சொல்லிச் சொல்லித்தான் நிறுத்தினேன். முதல் தடவையே வாயைத் திறந்திருந்தால் இவ்வளவு தழும்பு விழுந்திருக்குமா? யாருக்கும் தெரியாது. என்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

இப்போது இருமல் கொஞ்சம் குறைவு. போன கிழமை முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோது என் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"நீங்கள் நல்லாப் பாக்கிறியள். என்ர மனுசி வந்தா ஒருக்காச் சொல்லுங்கோ, எனக்கு இப்ப மூச்சு சுகமாக் கிடக்கு எண்டு. அவ சரியாப் பயந்து போனா."

"ஓம், சொல்லுறன்" என்றேன்.