எஹலியகொடையில் பளிங்கு என்று கேட்காதீர்கள்

பழைய பிரெஞ்சு கிறிஸ்டல் கிளாஸ் வாங்கக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கொழும்பில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். ஓய்வு நாட்களில் சேகரிப்பாளர்களுக்குப் பழைய கிளாஸ்கள் வாங்கிக் கொடுப்பேன். 2008 பெப்ரவரியில் எஹலியகொடை தேநீர்க்கடைக்காரர் செல்வராஜ் போன் செய்தார். அவருடைய அப்பா றப்பர் தோட்டத்து பங்களாவில் சமையல்காரர். ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை அவருக்கு ஆறு வைன் கிளாஸ் கொடுத்தாராம். துரை கொடுத்தது என்று ஆரம்பிக்கும் கதை எதையும் நான் நம்புவதில்லை.

காலை ஆறரைக்குப் புறக்கோட்டையில், எஹலியகொடை வழியாகப் போகும் இரத்தினபுரி பஸ். எழுபது கிலோமீட்டர் சொச்சம், மூன்று மணி நேரம். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் புற ஊதா டோர்ச்சைப் பார்த்து ஒரு சிப்பாய், "மேக்க மொகட்டத?" என்றான், இது எதற்கு என்று சிங்களத்தில். விளக்கப் பொறுமையில்லை. கள்ள நோட்டுப் பார்க்க என்றேன். விட்டுவிட்டான்.

செல்வராஜின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால். கிளாஸ்களைச் சுண்டிப் பார்த்தேன், ஓசை நீண்டது. கனமும் சரி. டோர்ச் வெளிச்சத்தில் நீலம் தெரிந்தது. சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் பச்சையாகத் தெரியும். அடியில் பிரெஞ்சு முத்திரை மெல்லியதாக. இந்த முத்திரை பிற்காலத்து வழக்கம். அதற்கு முந்திய அசல்களில் இருக்காது, இல்லையென்று போலி எனத் தள்ளிவிடாதீர்கள்.

ஆனால் ஆறின் அடியிலும் நேரான கீறல்! வருடக்கணக்கில் மேசையில் உரசினால் கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கும். நேர்கோடு என்றால் யாரோ வேண்டுமென்றே கீறியிருக்கிறார்கள், பழசு போலக் காட்ட.

"யாருங்க தேய்ச்சது? நீங்களா?"

"நான் எதுக்குங்க தேய்க்கப் போறேன்? ஹாஜியார்தாங்க. மாணிக்கக் கல் யாவாரி. பளிங்கு கிளாஸ்னு கொண்டுபோய்க் காட்டினேன். வெறுங் கண்ணாடின்னுட்டாரு. அன்னையிலேருந்து கடைத்தெருவுல எனக்குப் பேரே பளிங்குதாங்க. அப்பா பொய் சொன்னாரு, மகன் விக்கிறான்னு சிரிக்கிறானுங்க. நீங்க வெல பேச வேணாம். மொதல்ல அவருகிட்ட வந்து சொல்லுங்க."

இதுவும் நாடகமோ என்று நினைத்துக்கொண்டே அவரோடு ஹாஜியாரின் கடைக்குப் போனேன்.

ஹாஜியார் கூச்சமே படவில்லை. "நான்தான் கீறினேன். பளிங்குக் கல்லு எண்டா பளிங்கால கீற முடியாது. இது கீறிச்சு."

"அதுக்கு ஆறையுமா கீறுவீங்க?"

"ஒரு பொட்டலத்துல நல்ல கல்லோட போலியும் வரும் தம்பி. ஒவ்வொண்ணாத்தான் பாக்கணும்."

அப்போதுதான் புரிந்தது. இரத்தினபுரிப் பக்கம் பளிங்கு என்றால் மண்ணிலிருந்து எடுக்கும் படிகக் கல். பிரெஞ்சுக்காரன் கிறிஸ்டல் என்பதும், அதையே செல்வராஜ் பளிங்கு என்றதும், ஈயம் கலந்த கண்ணாடி. சோதனை சரி, கேள்விதான் தப்பு.

"இது விலையுள்ள பிரெஞ்சுக் கண்ணாடி. பொய்யில்லை," என்றேன்.

"அப்ப கண்ணாடிதானே? நான் சொன்னது சரி."

"நான் சொன்னதுங்க?" என்றார் செல்வராஜ்.

"அதுவும் சரி," என்றேன். ஹாஜியார் கடையிலிருந்த நாலு பேருக்கும் கேட்கும்படி, "செல்வராஜ் சொன்னது நெசம்தான்," என்றார். வீதியிலும் இறங்கிச் சொன்னார்.

கீறலில்லாவிட்டால் கிளாஸுக்கு எட்டாயிரம் தருவேன். கீறலோடு நாலாயிரம் என்றேன். செல்வராஜ் மாட்டேன் என்று தலையாட்டினார். "இன்னைக்குக் குடுக்கலீங்க. எல்லாரும் வந்து பாக்கட்டும்." தன் கடைக்குத் திரும்பி, வடைப் பெட்டிக்கு மேல் ஆறையும் வரிசையாக வைத்தார். பின்னாலேயே வந்த ஹாஜியார், "அதுல ஒண்ணுல பிளேன்டீ ஊத்து பாப்பம்," என்றார். சூட்டில் வெடிக்கும் என்று கத்தினேன்.

"ஹாஜியாருக்கு வெறுங் கண்ணாடியே போதுங்க," என்றார் செல்வராஜ்.

போகிறவர்களுக்கு: கிறிஸ்டல், பளிங்கு என்ற சொற்களை அங்கே வாயில் எடுக்காதீர்கள், ஈயக் கண்ணாடி என்று கேளுங்கள். அடிப்பாகத்தை லென்ஸில் பாருங்கள். எதையும் கீறிப் பார்க்க விடாதீர்கள். கீறல் கண்டால், ஏமாற்று என்று முடிவுகட்டுமுன் யார் கீறியது என்று விசாரியுங்கள். அந்த ஆறும் அசல். இந்தப் பதிவு எழுதும்வரை விற்பனைக்கு இல்லை.