மாமியார் வந்தாச்சு

ஜீப்பை நிறுத்தியதும் அவர் சாவியைத் திருகி உருவுவார், சட்டைப்பையில் போடுவார், பையின் பொத்தானையும் மாட்டிவிடுவார். "கொஞ்சம் முன்னால போங்களேன், முகம் தெரியல" என்று காடு பார்க்க வந்தவர்கள் பின் சீட்டிலிருந்து எவ்வளவு கெஞ்சினாலும் கை அந்தப் பொத்தான் பக்கம் போகாது. வண்டி எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைச் சிறுத்தைதான் தீர்மானிக்கணும் என்பது அவர் கட்சி. அதனால் ஜீப் ஸ்டாண்டில் அவருக்குப் பெயரே 'சாவி'.

சிறுத்தை நிற்கும் இடத்தைப் போனில் சொல்லக் கூடாது என்பது அந்தக் காட்டின் விதி. விதிக்கு மரியாதை கொடுத்து, ஓட்டுநர்கள் சிறுத்தை என்ற சொல்லையே விட்டுவிட்டார்கள். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் 'மாமியார் வந்தாச்சு' என்று ஒரு வரி விழும். அத்தனை ஜீப்பும் அந்தத் திசைக்குப் பறக்கும்.

அந்தக் கோடையில் ஒரு தாய்ச்சிறுத்தை பாறை இடுக்கில் இரண்டு குட்டிகளை வைத்திருந்தது. பாறைப் பக்கத்துக் குட்டை வற்றிவிட்டது. தண்ணீர் சாலைக்கு அந்தப் பக்கம். ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு புதருக்கு வெளியே தலையை நீட்டும். உடனே ஜீப்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு முன்னால் ஊர்ந்து வழியை அடைக்கும். சிறுத்தை திரும்பிப் போய்விடும். இருட்டினால் விடுதிக்காரர்களின் தேடுவிளக்குகள். எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வந்தவர்கள், ஒரு தாய் சாலையைத் தாண்ட முடியாமல் தவிப்பதை வளைத்து வளைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சாவி ஜீப் ஓட்டுநர் சங்கத் தலைவரிடம் போனார்.

"ஒரே ஒரு சாயங்காலம் அந்த ரோட்டை விட்டுடுவோம். அது பாட்டுக்குத் தாண்டிப் போயிடும்."

"கெஸ்ட்டுக்கு என்னத்தக் காட்டறது? நீ உடம்பெல்லாம் புள்ளி வச்சுக்கிட்டு மரத்துல படுத்துக்கிறியா?"

ஸ்டாண்டே சிரித்தது.

"உன் பொண்டாட்டி பிள்ளையத் தூக்கிக்கிட்டு ரோட்டைத் தாண்டறப்ப இப்படி வண்டியெல்லாம் மறிச்சு நின்னா, அப்பவும் சிரிப்பியா?"

பெண்டாட்டியைப் பேச்சில் இழுத்தது குற்றமாகப் போயிற்று. ஒரு வாரத்துக்கு அவருக்குச் சவாரி கிடையாது. வழியை மறித்தவனை ஒருவரும் கேட்கவில்லை. வழிவிடச் சொன்னவனுக்குத் தண்டனை.

வீட்டில் அவர் உம்மென்று படுத்துக் கிடந்தார். மூக்குக் கண்ணாடி மாற்றுவதற்காக மனைவியின் அம்மா வந்திருந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது சாவியின் போன் பேசியது:

"மாமியார் வெளிய வந்தாச்சு. வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. சீக்கிரம் வாங்க."

கத்தி நின்றது.

"மாப்பிள்ளை, உங்க கூட்டாளிங்க யாரச் சொல்றாங்க?"

மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். உள்ளே மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

"இந்தப் பேரு வச்சது யாரு?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே வச்சிட்டாங்க அத்தை."

"வாயைப் பொளக்குதுன்னா, கோவமா?"

"தாகம்."

பிறகு குட்டை, குட்டிகள், சாலை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அத்தை மறுபடி நறுக்கத் தொடங்கினார்.

மறுநாள் சாயங்காலம் சாவி தலையில் சோப்பு நுரையோடு இருந்தபோது தெருவில் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. துண்டோடு ஓடி வந்து பார்த்தால் முட்டுச்சந்து முழுக்க ஜீப்புகள். மதில்மேல் குழாய் குழாயாகக் கேமராக்கள். அவர் போனிலிருந்து ஒரு செய்தி போயிருந்தது: 'மாமியார் எங்க வீட்டுக்கு வந்தாச்சு. வாசல்லயே உக்காந்திருக்கு.'

வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், புதுக் கண்ணாடியோடு அத்தை.

"எங்கேம்மா அது?" தலைவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நான்தாம்ப்பா. போட்டோ எடுத்துக்கங்க. இந்தப் பக்கம் வந்தா வெளிச்சம் நல்லா விழும்."

"விளையாடறீங்களா? கெஸ்ட்டுங்க காசு குடுத்து வந்திருக்காங்க."

"வந்தாச்சுன்னு போட்டேன். வந்திருக்கேன்ல? இதுல எது பொய்?"

ஒரு வெளிநாட்டுக்காரர் நிஜமாகவே படம் எடுத்தார்.

சந்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை. அத்தை எழுந்து நின்று "ரைட்... ரைட்... ஹோல்டான்" என்று ஒவ்வொன்றாகப் பின்னால் எடுக்கவைத்தார். வேண்டுமென்றே இரண்டை ஒன்றோடொன்று சிக்கவைத்தார் என்றுதான் சாவி இன்றும் நம்புகிறார். சந்து காலியாவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

சங்கம் சாவியை அடியோடு நீக்கியது. தண்ணீர் லாரி ஓட்டப் போனார். இத்தனை வருட வேலை போச்சே என்று யாராவது உச்சுக்கொட்டினால் சுள்ளென்று விழுவார்: "அது தாண்டிருச்சுல்ல? எனக்கு அது போதும். தாண்ட விடாதவனுங்களப் போய்க் கேளு." மறுநாளிலிருந்து பாறைப் பக்கம் மாமியாரைக் காணோம் என்று குழுவில் புலம்பியிருந்தார்கள். அந்தத் தெம்பிலேயே வீட்டில் அத்தைக்கு ராஜ மரியாதை.

மழைக்காலம் வந்த பிறகு, அந்தச் சாலையின் சோதனைச்சாவடியில் லாரியை நிறுத்தியபோதுதான் வனக்காவலர் மீதியைச் சொன்னார். ஜீப்புகளெல்லாம் சந்தில் சிக்கிய அன்று, சாலை வெறிச்சோடிக் கிடந்தபோது சிறுத்தை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு தாண்டியது. அந்தப் பக்கம் விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கத் திரும்பியது. இரண்டாவதோடு அது சாலையோரம் வந்த நேரத்தில், ஏமாந்த விருந்தாளிகளைச் சமாதானப்படுத்த ஜீப்புகள் பறந்து வந்து சேர்ந்துவிட்டன. இருட்டியபின் விளக்குகளும் வந்தன. அதைப் பாறை இடுக்கிலேயே விட்டு, தாய் மட்டும் எப்படியோ அந்தப் பக்கம் போய்விட்டது; திரும்பி வரவில்லை. நாலைந்து நாள் கழித்து, அந்தக் குட்டியைப் பாறை இடுக்கிலிருந்து எடுத்துப் புதைத்தவர் அந்தக் காவலர்தான்.