சர்பஞ்சு படுத்திருக்கும் இடம்

ஆந்திர எல்லையில் புத்தூரிலிருந்து நகரிக்குப் பஸ்ஸில் போனால் வழிநெடுக மாந்தோப்புகளுக்கு நடுவே சமாதிகள் தெரியும். பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்சாகவோ மண்டலத்தில் வேறு ஏதாவது பதவியிலோ இருந்து போனவர்கள். உயிரோடிருந்த காலத்தில் ஊர்ச்சொத்து எது, தன் சொத்து எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள்கூட, செத்த பிறகு சொந்த நிலத்தில், சொந்த போர்வெல்லுக்குப் பக்கத்தில் ஒழுங்காகப் படுத்திருக்கிறார்கள். சமாதிக்குக் கட்சியின் நிறத்தில் பெயிண்ட் அடிப்பதும் உண்டு. மூன்று கட்சி மாறிய ஒருவருக்கு எந்த நிறம் அடிப்பது என்று மருமகன்களுக்குள் கைகலப்பாகி, கடைசியில் வெள்ளை அடித்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் ஊர் சர்பஞ்சு மட்டும் பொதுச் சுடுகாட்டில், ஆற்றோரம் இருக்கிறார். அவருக்கும் தோப்பு இருந்தது. ஆனால் நிலத்தில் சமாதி இருந்தால் வாங்க வருகிறவன் முகம் சுளிப்பான் என்று பெங்களூரிலும் சென்னையிலும் இருந்த அவருடைய மகன்கள் இருவரும் யோசித்திருக்கிறார்கள். பெற்றவருக்குத் தம் நிலத்தில் ஆறடி கொடுக்க மனம் வரவில்லை. சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள்.

அது ஐப்பசி மழை. ஆறு கரை தட்டி ஓடியது. பிணத்தோடு போனவர்கள் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு மகன்கள் கிளம்பிவிட்டார்கள். அப்புறம் கல் நடலாம் என்று சொன்னார்களாம். அந்த அப்புறம் வரவேயில்லை.

என் நைனா அந்தப் பத்துப் பேரில் இல்லை. அவர் அப்போது வார்டு மெம்பர். சர்பஞ்சு போகிற இடமெல்லாம் பின்னாலேயே போகிறவர், அவர் தும்மினால் இவருக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று அம்மா சொல்லுவாள். அந்த வாரம் பார்த்து டிவிஎஸ் ஃபிஃப்டியிலிருந்து விழுந்து கால் உடைந்து, புத்தூரில் எலும்பு கட்டுகிற வீட்டில், மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளைக்கரு பூசிய துணியுமாகப் படுத்துக்கிடந்தார். சேதி கேட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று அழுதாராம். யார் தூக்குவது? தோள் கொடுக்கவில்லையே என்கிற குறை அவருக்குக் கால் கூடிய பிறகும் கூடவில்லை. சாப்பாட்டின் நடுவே திடீரென்று அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

மூன்று வருஷம் கழித்துத் தேர்தல் வந்தது. சர்பஞ்சுக்கு ஒரு சமாதி கட்டினால் எம்.எல்.ஏ திறந்துவைக்க வருவார் என்று பேச்சு வந்தபோது, நைனா அதைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்களுக்கு அது கட்சி வேலை. அவருக்கு அது தோள் கொடுப்பது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பெண் பிள்ளைகள் சுடுகாட்டுக்குள் போகக்கூடாது என்பார்கள். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒற்றையடிப்பாதை அதன் ஓரமாகத்தான் போகிறது, அதற்கு யாரும் வேறு பாதை போட்டுத் தரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொத்தனாருக்கும் நைனாவுக்கும் தூக்கில் காபி கொண்டுபோய்ப் பாதையிலேயே நின்று கொடுத்துவிட்டு வரும்படி அம்மா அனுப்பினாள். போனால் அங்கே ஒரே வாக்குவாதம். சர்பஞ்சைப் புதைத்தது எந்த இடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று கூடப் போன ஒருவர் புங்க மரத்திலிருந்து ஐந்தடி என்றார். இன்னொருவர், மழையில் மரத்தையே நான் பார்க்கவில்லை, நீ எப்படிப் பார்த்தாய் என்று கேட்டார். குழி வெட்டியவர் அடுத்த தை மாதமே போய்ச் சேர்ந்துவிட்டார். மகன்களுக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஏதாவது முடிவெடுக்க முடியாவிட்டால் எங்கள் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லுவார்கள். குழந்தை எடுத்ததை அப்புறம் பெரியவர்கள் யாரும் மறுத்துப் பேசக்கூடாது. தூக்கோடு பாதையில் நின்றிருந்த என்னைப் பார்த்ததும் அங்கிருந்தவர்களில் ஒருவருக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். இந்தக் குழந்தையைக் கேட்போம், தினமும் பார்க்கிறதல்லவா என்றார். நைனா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"நீ தெனம் இப்டிக்காதானே போய்க்கினு வர்ற. சர்பஞ்சு தாத்தா எங்க கீறாரு, சொல்லும்மா."

எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லத் தோன்றவில்லை. ஒன்பது வயதில் இத்தனை ஆண்கள் வாய் மூடிக்கொண்டு என் பதிலுக்காக நிற்பது அதுவே முதல் தடவை, கடைசித் தடவையும்கூட. சுற்றிலும் பார்த்தேன். மேடெல்லாம் முள்ளும் புல்லுமாகக் கிடந்தது. ஒன்றே ஒன்று மட்டும் சுத்தமாக இருந்தது. சுற்றி ஆற்றுக் கூழாங்கல் பதித்து, தலைமாட்டில் கனகாம்பரச் செடி வைத்து, செடிக்கு அன்று காலையில் தண்ணீரும் ஊற்றியிருந்தது. இவ்வளவு பெரிய மனிதருடையது இதுவாகத்தானே இருக்க வேண்டும்? அதைக் காட்டினேன்.

சாமி வாக்கு என்றார் ஒருவர். அப்படித்தான் எனக்கும் பட்டது என்றார் ஐந்தடிக்காரர். கொத்தனார் அந்த இடத்திலேயே கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார். நைனா என்னைத் தூக்கிக்கொண்டார். ஒன்பது வயதுப் பெண்ணை, உடைந்து கூடிய காலோடு, வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டே வந்தார். எதிரே வந்தவர்களிடமெல்லாம், என் பொண்ணுதான் காட்டிச்சு என்று சொன்னார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பார்த்தால் கால் முழம் ஆழத்துக்குக் கடைக்கால் வெட்டியிருந்தார்கள். கனகாம்பரச் செடி வேரோடு ஒரு பக்கம் கிடந்தது. முனியம்மா அத்தை குனிந்து, வாரிப் போட்டிருந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

முனியம்மா அத்தை எங்கள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறவள். எங்கள் சாதிசனம்தான், ஆனால் ஒரு செண்டு நிலமில்லாத வீடு. அவள் புருஷன் மாங்காய் பறிக்க ஏறி, கிளை முறிந்து விழுந்து செத்தவர். சர்பஞ்சு சாவதற்கு ஐந்தாறு மாதம் முந்தி. அரசாங்கம் கட்டித்தரும் காலனி வீடு ஒன்று கேட்டு அந்த மனிதர் சர்பஞ்சு வாசலுக்கு நடந்த நடைக்குக் கணக்கில்லை என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். அவர் சாகும்போது மகளுக்கு இரண்டு வயது. கூரை வீட்டில் அத்தை தனியாக அந்தப் பெண்ணை வளர்த்தாள். விடிவதற்குள் சுடுகாட்டுக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அப்புறம்தான் பள்ளிக்கூடத்துக்கு அடுப்பு மூட்ட வருவாள். அதனால்தான் அவளை அங்கே நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கொத்தனாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள் போல.

"பூவப் பாத்தா சொன்னே?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன். அவள் திட்டவில்லை. கையிலிருந்த கல்லின் மண்ணைத் துடைத்து முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

"சரி, போ. மணி அடிச்சிடுவாங்க."

அவ்வளவுதான். நான் ஓடினேன். ஓடும்போதே எல்லாம் புரிந்துவிட்டது. புரியவில்லை, குழந்தைதானே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. சர்பஞ்சு வேறு எங்கோ, அநேகமாகப் பத்தடி தள்ளி முள் மண்டிக்கிடந்த மேட்டில் இருந்தார். அவரைப் பார்க்க யாரும் வராததால் அந்த மேடு அப்படிக் கிடந்தது. பூ வைத்திருந்தது யாருக்கோ வேண்டியவருக்கு. பெரிய மனிதருக்குத்தான் பூ இருக்கும் என்று நான் நினைத்தது பைத்தியக்காரத்தனம்.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். கால் முழப் பள்ளம்தானே, மூடிவிட்டுப் பத்தடி தள்ளி வெட்டியிருப்பார்கள். சொல்லத்தான் வீட்டுக்குப் போனேன். வீட்டில் நைனா கட்சிக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கிட்டே கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டு, இவதான் என்று ஆரம்பித்தார். அந்த மடியில் உட்கார்ந்துகொண்டு, நான் காட்டியது தப்பு என்று எப்படிச் சொல்லுவேன்? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

நான் மடியில் இருக்கும்போதே முனியம்மா அத்தை வந்தாள். அவள் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது, நல்லதுதான், சொல்லட்டும் என்றுகூட ஒரு பக்கம் இருந்தது. அவள் வாசற்படிக்குக் கீழேயே நின்றாள்.

"அண்ணா, சமாதி கட்றீங்க, நல்லாக் கட்டுங்க. கம்பிக் கேட்டு மட்டும் போட்டுப் பூட்டிடாதீங்க. அமாவாசைக்கி அமாவாசை வந்து ஒரு வெளக்கு ஏத்திட்டுப் போறேன்."

நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் போன பிறகு கட்சிக்காரர்களிடம் சொன்னார், பாருங்கள், இவள் புருஷன் ஒரு காலனி வீடு கேட்டார், நம்மால் கொடுக்க முடியவில்லை, அப்படியும் எவ்வளவு விசுவாசம் என்று. திறப்புவிழாவில் எம்.எல்.ஏ தெலுங்கில் அதையே பேசினார். தலைவர் ஏழைகளின் நெஞ்சில் வாழ்கிறார், அதற்கு இந்தம்மாவே சாட்சி என்று அத்தையை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். அத்தை சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கிரானைட்டில் சர்பஞ்சின் பெயர் தெலுங்கில் வெட்டியிருந்தது. நாலு தூணும் மேலே கான்கிரீட் கூரையுமாக, எங்கள் ஊரில் பாதி வீடுகளைவிட அது நன்றாக இருந்தது.

அத்தை கேட்டுக்கொண்டபடி கேட் பூட்டவில்லை. அமாவாசைதோறும் வந்து விளக்கேற்றினாள். மதியம் வரிசையில் நிற்கும்போது நான் அவளை நிமிர்ந்து பார்க்கமாட்டேன். தட்டில் சோறு விழுவதை மட்டும் பார்ப்பேன். முட்டை நாளில் மற்ற பிள்ளைகளுக்குப் போலவே எனக்கும் ஒன்று வைப்பாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வேறு நாலைந்து பேருக்கும் விஷயம் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஐந்தடிக்காரருக்கு நிச்சயம் தெரியும். எங்கள் ஊரில் தெரிந்தவர்கள் யாரும் சொல்வதில்லை.

நான் திருப்பதியில் காலேஜ் படிக்கும்போது அத்தை மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். நைனா போனில் வேறு ஏதோ பேசும்போது நடுவில் அதைச் சொன்னார். அம்மாவை சர்பஞ்சு சமாதிக்குப் பக்கத்தில்தான் புதைக்க வேண்டும் என்று அவள் மகள் வந்து கேட்டதாம். எவ்வளவு பக்தி இருந்தாலும் அதெப்படி முடியும், சுற்றிலும் டைல்ஸ் போட்டிருக்கிறது, தலைவர்கள் இடம், நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள், எடுத்துச் சொல்லி அனுப்பிவிட்டேன் என்றார். அத்தையை வாய்க்காலோரம், கடைசியில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். இன்னும் மண் காயவில்லை, இப்போது சொல்லு என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள். நான், ஹாஸ்டலில் சாப்பாடு சரியில்லை நைனா என்று சொன்னேன்.

போன வருஷம் நைனாவும் போய்விட்டார். அப்போது மண்டலத்தில் அவருக்கு ஒரு பதவி இருந்தது. அவர் ஆசைப்பட்டபடி டைல்ஸைப் பெயர்த்து, தலைவருக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார்கள். முனியம்மா அத்தைக்கு இல்லை என்ற இடத்தில் என் நைனா படுத்திருக்கிறார், வீடு கேட்டு நடந்த ஒரு மாங்காய் பறிக்கிறவருக்குப் பக்கத்தில், தன் தலைவருக்குப் பக்கத்தில் என்று நினைத்துக்கொண்டு. பதினாறாம் நாள் படையலுக்குப் போனபோது பத்தடி தள்ளியிருந்த அந்த முள்மேட்டை நின்று பார்த்தேன். ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு கற்பூரமாவது கொளுத்தலாம் என்று தோன்றியது. ஏன் அங்கே என்று கேட்பார்களே என்று வந்துவிட்டேன்.

சின்ன வயதில் அத்தை ஏன் வாய் திறக்கவில்லை என்று யோசித்து நானே ஒரு பதில் வைத்திருந்தேன். அவளுக்கு என்மேல் பிரியம், குழந்தை மாட்டிக்கொள்ளுமே என்று விட்டுவிட்டாள். அந்தப் பதில் எனக்கு இதமாக இருந்தது, பல வருஷம் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். பள்ளிக்கூடத்தில் சமைக்கிற வேலையை யாருக்குக் கொடுப்பது, யாரிடமிருந்து பிடுங்குவது என்பதெல்லாம் ஊரில் என் நைனாவின் ஒரு வாய்ச்சொல்லில் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அத்தை சொல்லியிருந்தால் அடுப்பு போயிருக்கும். ஐந்தடிக்காரர் சொல்லியிருந்தால் கட்சியில் இடம் போயிருக்கும். கொத்தனாருக்கு வேலை போயிருக்கும். நான் சொல்லியிருந்தால் மடியிலிருந்து இறக்கிவிட்டிருப்பார், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார், அப்புறம் அவரே வந்து தூக்கியிருப்பார். அந்த ஊரில் எதையும் இழக்காமல் உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான்.