மருமகளின் மீனும் நான் ஊற்றிய பாலும்

அண்டாவில் கால்வாசிப் பால் மிஞ்சியிருந்தது. அறுகம்புல் மிதக்கும் அந்தப் பாலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்தில் அக்கா வீட்டுப் பின்வளவில் எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் அங்குமிங்கும் நடந்த அந்தக் காலைநேரம் இன்றைக்கும் என்னை ஓரிடத்தில் இருக்கவிடாது. தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும்போதும் ரயிலுக்குக் காத்து நிற்கும்போதும் சட்டென்று ஞாபகம் வரும். உடனே நடக்கத் தொடங்கிவிடுவேன். மனைவிக்கு இது பழகிப்போய்விட்டது.

அன்று அக்காவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. என் மருமகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லுகிற பிள்ளை. பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் வெட்கம், சடங்கே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அக்காவோ முதியோர் இல்லத்தில் மேலதிக வேலை செய்து, மண்டபமும் பிடித்து, ஊர் முழுக்க அழைப்பும் கொடுத்துவிட்டாள். இரண்டு மாதமாகத் தாயும் மகளும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் ஒருநாள் அக்கா தொலைபேசியில் கத்தினாள்: "உவளுக்கு நகை வேண்டாமாம், மீன் வேணுமாம்! ஸ்டர்ஜன் வாங்கித் தந்தால் பட்டுச்சேலை கட்டுவாவாம். நீதானே தாய்மாமன், நீயே கூட்டிக்கொண்டு போ!"

அந்த வீட்டை முன்பு வைத்திருந்தவர்கள் வெட்டிய குளம் ஒன்று பின்வளவில் சும்மா கிடந்தது. மருமகளை மீன் பண்ணைக்குக் கூட்டிப் போனேன். தொட்டியின் மூலையில் அடக்கமாகக் கிடந்த பெரிய மீன்தான் எனக்குப் பிடித்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த இனம் ஆளுயரம் வளரும், நம் குளத்துக்குள் உடம்பைத் திருப்பக்கூட இடம் போதாது என்றாள். அதைவிட, ஸ்டர்ஜன் சும்மா கிடந்தால் அதற்கு ஏதோ நோய் வருத்தம் என்று அர்த்தமாம். ஒரு நிமிடமும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்த சின்ன இன மீன் ஒன்றைத்தான் காட்டினாள். முழங்கை நீளம், செதிலில்லாத உடம்பு, முதுகில் எலும்பு முடிச்சுகள், நீண்ட மூக்கின் கீழே நாலு மீசை. "என்ன இது, முதலைக்குட்டியே?" என்று கேட்டேன். முதல்தடவையாகச் சிரித்தாள்.

மீன் வந்தபிறகு பிள்ளை பள்ளிப்பையைக்கூடக் கழற்றாமல் நேரே குளத்தடிக்குத்தான் போவாள். அடியில் தாழ்கிற உணவுதான் போட வேண்டும், அது நிலத்தைத் தடவித்தான் தின்னும் என்பாள். பின்பக்கமாக நீந்தத் தெரியாத மீன், பாசியில் சிக்கினால் அவ்வளவுதான் என்று கையாலேயே பாசி வாருவாள். காற்றுப் பம்பு இரவும் பகலும் ஓடும். எனக்கு மட்டும் தமிழில் ஒரு கட்டளை: "தண்ணிக்குள்ள ஒண்டும் போடக்கூடாது மாமா. ஒண்டும்!"

சடங்கன்று காலை தேங்காய் உடைத்து, முதல் பாலை அவள் தலையில் வார்த்தவன் நான். மற்றவர்களும் வார்த்து முடிய, பெண்கள் அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். மிஞ்சிய பாலைக் கால் மிதிபடாத இடத்தில்தான் ஊற்ற வேண்டும். புல்தரையில் பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள். வேலியடிக்குப் பக்கத்து வீட்டு நாய் வரும். சாக்கடையை நினைக்கவே கூடாது. குளத்தைப் பார்த்தேன். அதற்குள் யார் கால் வைக்கப் போகிறார்கள்? ஆகா, என்ன மூளை எனக்கு என்று மெச்சிக்கொண்டு அண்டாவைக் கவிழ்த்தேன். அவளுடைய கட்டளை மறந்துபோகவில்லை. ஆனால் அவள் சொன்ன அந்த 'ஒண்டும்' என்பதற்குள் சடங்குப் பாலும் வரும் என்று என் புத்தியில் படவேயில்லை.

நல்ல வெயில். நடுப்பகலுக்குள் தண்ணீர் கெட்டு நாறத் தொடங்கியது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, பக்கவாட்டில் சரிந்தது. அக்கா பட்டுச்சேலையோடு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி, அதை வயிற்றில் தாங்கிக் காற்றுப் பம்புக்கு முன்னால் பிடித்தாள். "கோதாரி, இந்தத் தண்ணிக்கு என்னடா நடந்தது?" என்று என்னைப் பார்த்தாள். "வெயில் அக்கா" என்றேன். வாய்கூசாமல் சொன்னேன். மண்டபத்திலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டேயிருந்தது, சனம் வந்துவிட்டதாம். அலங்காரத்தோடு வாசலில் நின்ற மகளை அக்கா பார்த்தாள். "ஹோலுக்குப் போயிட்டு வருவம் மோனை. வந்து பாப்பம்."

பிள்ளை மண்டபத்தில் சிம்மாசனத்தில் இருந்து எல்லாப் படத்துக்கும் சிரித்தாள். திரும்பி வரும்போது மீன் வயிறு தெரிய மிதந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் அன்றே உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அடுத்த மாதம் அக்கா குளத்தை மண் போட்டு மூடிவிட்டாள்.

இப்போது மருமகள் விபோர்க் நகரத்தில் தாதியாக இருக்கிறாள். புதிதாக வாங்கிய வீட்டில் தானே குளம் வெட்டியிருக்கிறாள். போன மாதம் தொலைபேசி எடுத்தாள்: "மாமா, மீன் தெரிஞ்செடுக்க வாறீங்களோ?" வேறு ஒருவரையும் அவள் கூப்பிடவில்லை. காரில் வழி முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மீன் பண்ணையில் தொட்டியடியில் நின்றபோது வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"அண்டைக்குக் குளத்துக்குள்ள பாலை ஊத்தினது நான்தான் அம்மா."

"தெரியும்," என்றாள், சுற்றும் மீன்களிலிருந்து கண்ணை எடுக்காமலே. "மேல் சன்னலாலை பார்த்துக்கொண்டு நிண்டனான்."

"அப்ப ஏன் பிள்ளை கத்தேல்லை? கத்தியிருந்தால் உடனே தண்ணியை மாத்தியிருப்பமே!"

அவள் சொற்களைத் தேடித் தேடித் தமிழிலேயே சொன்னாள். "மீனுக்கு ஏதும் நடந்தால் ஹோலுக்குப் போகாமல் விடுவீங்கள் எண்டு நினைச்சனான், மாமா." தொட்டியோரத்தில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள். "அதுக்குப் பிறகும் போனம்தானே."

பண்ணைக்காரர் வலையைத் தூக்கிக்கொண்டு வந்து எந்த மீன் என்று கேட்டார். நான் தொட்டியைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன்.