நான் அழித்த மூன்று எண்கள்

நான்கு வருடம் இருக்கும். மாசி மகம் முடிந்து மாமல்லபுரத்தில் கூட்டம் கலைந்த வாரம். செங்கல்பட்டில் வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே எனக்கு ஒரு சின்னக் கடை உண்டு. பெயர் மாற்றம், எஃப்.சி., இன்ஷூரன்ஸ், ஜெராக்ஸ் என்று எல்லாம் பார்ப்பேன். ஏஜென்ட் என்று போர்டு வைத்திருக்கிறேன், ஊரில் புரோக்கர் என்பார்கள். ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து அன்று கடையைத் திறந்தபோது, வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கடலோரக் குப்பத்துக்காரர், திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். கையில் பாலித்தீன் பையில் சுற்றிய ஆர்.சி. புத்தகம்.

பிரித்துப் பார்த்தேன். ஸ்கூட்டராக இருக்கும் என்று நினைத்தால், இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, மேலே இரும்புக் கூரை கிடையாது, துணிதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாம்மா, இதுலயா மீன் ஏத்திகினு போற?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்க வூட்டுக்காரரு பேர்ல கீது சார். அவரு செத்து ஆறு மாசம் ஆவுது. என் பேருக்கு மாத்திக் குடு, விக்கணும்" என்றார்.

அவருடைய கணவர் கடற்கரையில் ஒரு பங்களாவில் இருபது வருடம் டிரைவராகவும் காவலாளாகவும் இருந்தவர். பங்களாவை விற்றுவிட்டு முதலாளி வெளிநாடு போகும்போது, ஓடாமல் கிடந்த இந்த வண்டியை அவர் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்போது அதைப் பழைய இரும்புக்காரன் கூடச் சீந்தியிருக்க மாட்டான். இவர் அதைக் குப்பத்துக்குக் கொண்டுவந்து, வலைகளுக்குப் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு நிறுத்தினார். அவரே பழுது பார்த்தார். வாரம் ஒரு முறை இன்ஜினை ஓட விடுவார். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை தவறாமல் எஃப்.சி. காட்டியிருக்கிறார். புத்தகத்தில் முத்திரைகள் வரிசையாக இருந்தன.

குப்பத்தில் நம்ப வேண்டுமே! முதலாளி கொடுத்த நல்ல வண்டியை இவன் ரகசியமாக விற்றுக் குடித்துவிட்டான், எங்கேயோ கிடந்த ஓட்டை வண்டியில் அதே நம்பரை அடித்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறான் என்று பேச்சு. கிளப்பியது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பியே. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மனுஷன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் குப்பத்து அம்மன் கோயிலில் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்துவிட்டார். அது நடந்து ஒரு வருடத்துக்குள் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார்.

இதற்கு நடுவில்தான் அந்தக் கார்களுக்கு விலை ஏற ஆரம்பித்தது. எனக்கே அப்புறம்தான் தெரியும். பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொடுத்துப் படூர் பக்கம் ஃபிளாட் வாங்கலாம் என்ற நிலைமை. சென்னையில் ஒரு பணக்காரர், இந்த மாதிரி வண்டிகளைச் சேர்க்கிறவர், யாரோ சுற்றுலா வந்தவர் எடுத்துப் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டுக் குப்பத்துக்கே வந்து விலை பேசியிருக்கிறார். ஒரே நிபந்தனை, வண்டி ஒரிஜினலாக இருக்க வேண்டும். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் எல்லாம் தொழிற்சாலையில் அடித்தபடியே இருந்தால் முழு விலை. ஒன்று மாறியிருந்தாலும் பாதிக்கும் கீழே.

"டப்பு முன்ன பின்ன இருந்தா கூட பரவால்ல சார். இது அசல் வண்டின்னு அந்த ஆளு குப்பத்து ஜனங்க எதிர்ல சொல்லணும். அது போதும் எனக்கு" என்றார் அந்த அம்மா. நான் சரி சரி என்று தலையாட்டினேன். என் கணக்கெல்லாம் விற்கிறவர், வாங்குகிறவர் இரண்டு பக்கமும் வரப்போகும் கமிஷனில் இருந்தது.

பெயர் மாற்றத்துக்குச் சேசிஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட் வேண்டும். வண்டி இரும்பில் பொறித்திருக்கும் எண்ணின் மேல் காகிதத்தை ஒட்டிப் பென்சிலால் தேய்த்தால், எண் காகிதத்தில் அப்படியே விழும். அதை மனுவில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். இருபத்தைந்து வருடத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்திருப்பேன். துருப்பிடித்த வண்டி என்றால் முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு எடுப்போம். லாரியோ டிராக்டரோ, எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம்தான்.

புதன்கிழமை பைக்கில் குப்பத்துக்குப் போனேன். முன் சக்கரத்துக்கு மேலே நம்பர் இருந்த இடத்தில் அந்த மனுஷன் கெட்டியாகக் கிரீஸ் தடவி, அதன் மேல் துணி சுற்றி வைத்திருந்தார். அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். துடைத்துப் பார்த்தேன். அத்தனை எண்களும் மங்கலாகக் கண்ணுக்குத் தெரிந்தன. கையில் செல்போன் இருந்தது. ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டியிருக்காது. ஆனால் பென்சிலில் விழவில்லை. உப்புத்தாளை எடுத்தேன்.

முதல் நான்கு எழுத்துகள் பளிச்சென்று வந்தன. கடைசி மூன்று வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கடற்காற்று எத்தனை வருடமாக உள்ளே வேலை செய்திருந்ததோ, இரும்பு ஒரு சில்லாகப் பெயர்ந்து என் கையோடு வந்துவிட்டது. அந்த மூன்று எண்கள் இருந்த இடத்தில் வெறும் பள்ளம். அந்த அம்மா எனக்குக் கலர் சோடா வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அவர் பாட்டிலோடு திரும்புவதற்குள் துணியைச் சுற்றி வைத்துவிட்டேன்.

இதற்கு முறையான வழி இருக்கிறது. அலுவலகத்தில் மனு கொடுத்து, அனுமதி வாங்கி, மறுபடி நம்பர் அடிக்கலாம். ஆனால் அது ஆர்.சி.யிலேயே ஏறிவிடும். ஏறினால் வண்டியின் விலை பாதாளத்துக்குப் போய்விடும், என் கமிஷனும் அதோடு போய்விடும். தவிர, ஞாயிற்றுக்கிழமை சென்னைக்காரர் வருகிறார். அதனால் குறுக்கு வழியில் போனேன். தெரிந்த பட்டறையில் இரும்பில் எண் பதிக்கும் நம்பர் பஞ்ச் இரவல் வாங்கிக்கொண்டு மறுநாளே போய், பிரிண்ட் சரியாக விழவில்லை என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவர் மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும், புத்தகத்தைப் பார்த்து அந்த மூன்று எண்களையும் சுத்தியலால் அடித்தேன். மேலே உப்புத் தண்ணீரும் மண்ணும் தேய்த்துப் பழசாக்கினேன். பிரிண்ட் அழகாக விழுந்தது; எல்லாம் சரியாக இருக்கிறது என்று அந்த அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அலுவலகத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இவ்வளவுதான் விஷயம் என்று எனக்கே என் சாமர்த்தியத்தின் மேல் ஒரு பெருமை வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னைக்காரர் கூடவே ஒரு நிபுணரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய கார்களின் அசல் போலியைப் பார்த்துச் சொல்வதுதான் அவருக்கு வேலையாம். அந்த அம்மா குப்பத்தில் பத்துப் பேரை வரச் சொல்லி நிறுத்தியிருந்தார். கொழுந்தனும் இருந்தார். நிபுணர் பாய் விரித்துப் படுத்து, டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். செல்போனில் அதே மாதிரி வேறொரு காரின் நம்பரை எடுத்துக் காட்டினார். அந்தத் தொழிற்சாலையில் அடிக்கிற நாலு என்ற எண்ணுக்கு மேலே வாய் திறந்திருக்கும். நான் அடித்த நாலுக்கு வாய் மூடியிருந்தது.

"சார், கடைசி மூணு நம்பர் நம்ம ஊர் பஞ்ச். யாரோ அடிச்சு மாத்தியிருக்காங்க" என்றார். சென்னைக்காரர் உதட்டைப் பிதுக்கி, எல்லோர் காதிலும் விழும்படி, "அப்ப வண்டி டூப்ளிகேட்" என்றார்.

"நான் அன்னிக்கே சொன்னனே அண்ணி, கேட்டியா நீ?" என்றார் கொழுந்தன்.

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார். "சார், நீ சொல்லு சார். ரெண்டு நாளு வந்து பாத்தியே. எல்லாம் சரியாத்தான கீதுன்னு சொன்ன?"

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல நின்றேன். பிறகு, என் வாய் கூசாமல் சொன்னது: "எனக்கு எப்டிம்மா தெரியும்? முன்னாடியே யாராவது அடிச்சிருப்பாங்க."

முன்னாடி என்றால் யார்? அந்த வண்டியை அவர் புருஷனைத் தவிர யாரும் தொட்டதில்லை என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். செத்துப்போனவரைப் பொய்ச் சத்தியம் செய்தவராக்கியது சென்னைக்காரரும் இல்லை, நிபுணரும் இல்லை, நான்தான். சென்னைக்காரர் பெரிய மனசு பண்ணுவதுபோல, பாகங்களுக்காக எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு அடிமாட்டு விலை சொன்னார். அந்த அம்மா பேரம் பேசவில்லை. "இன்னா குடுப்பியோ குடுத்துட்டு இட்டுகினு போ" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். நான் மிச்ச வேலையை முடித்துக் கொடுத்து என் கமிஷனை வாங்கிக்கொண்டேன். கை நீட்டி வாங்கினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் பழைய கார்களின் கண்காட்சி. வேறொரு வாடிக்கையாளருக்குப் பேப்பர் கொடுக்கப் போயிருந்தேன். புல்வெளியில் அந்தக் கார் நின்றது. புதுப் பச்சை பெயின்ட், மினுமினுவென்று கம்பிச் சக்கரங்கள், முன்னால் 'முழுவதும் ஒரிஜினல்' என்று அட்டை. அந்த நிபுணரும் அங்கே இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு அவரே வந்து பேசினார். விலை இப்போது அன்றைக்குப் பேசியதைப்போல இரண்டு மடங்காம்.

"டூப்ளிகேட்னு சொன்னீங்களே சார்?" என்றேன்.

"முதல் நாலும் ஃபேக்டரி நம்பர்தானே? இன்ஜின், பாடி பிளேட் எல்லாம் மேட்ச். எவனோ ஒரு முட்டாள் கடைசி மூணைச் சுரண்டி அடிச்சு வச்சிருக்கான்."

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாமலா வாங்குவாங்க?" என்று சிரித்தார்.

எனக்கு அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. எந்த முகத்தோடு பிடிப்பது? அவர்கள் கையில் கத்தியை எடுத்துக் கொடுத்தவனே நான். மறுநாள் திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டுக்குப் போனேன். அந்த அம்மா சங்கரா மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் குறையும்வரை நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். மீன் தட்டைத் தூக்கி எறிந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். அவர் கையிலிருந்த மீனைக் கூறில் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு வருசமா அவருக்குப் படையல் போடல சார். படத்த கூட கழட்டி பொட்டிக்குள்ள வச்சிட்டேன். அம்மன் கிட்ட பொய் சத்தியம் பண்ணாரு, அதான் அம்மன் இட்டுகினு போயிட்டான்னு நானே என் வாயால ஊர் பூரா சொல்லிகினு திரியிறேன்."

நான் பணம் தருகிறேன் என்று ஏதோ உளறினேன். அவர் கையால் ஒதுக்கினார். "அதெல்லாம் வேணாம். அன்னிக்கு எத்தினி பேர் நின்னாங்களோ, அவங்க எதிர்ல கோயிலாண்ட வந்து இத சொல்லு. இப்ப எங்கிட்ட சொன்னியே, அதே மாதிரி. வேற ஒண்ணும் வேணாம் சார்."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். சத்தியமாகப் போகத்தான் கிளம்பினேன். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்தேன். அங்கேதான் யோசனை வந்தது. சேசிஸ் நம்பரை மாற்றி அடிப்பது குற்றம். பத்துப் பேர் எதிரில் ஒப்புக்கொண்டால் ஒருத்தன் போலீசுக்குப் போக மாட்டானா? கடை என்ன ஆகும்? பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அடுத்த பஸ்ஸில் செங்கல்பட்டு திரும்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து லைசென்ஸ் வேலையாகக் கடைக்கு வந்த குப்பத்துப் பையன் ஒருவன் பேச்சுவாக்கில் சொன்னான். அந்த அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு, கோயில் வாசலில் மத்தியானம்வரை உட்கார வைத்திருந்தாராம். யார் வரப்போகிறார் என்று முன்னால் சொல்லவில்லையாம்; யாரும் வரவில்லை. புருஷன் பேரைக் காப்பாற்ற, யாரோ வந்து உண்மையைச் சொல்லப்போவதாக அண்ணி கற்பனை பண்ணிவிட்டாள் என்று கொழுந்தன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். அதைச் சொல்லிவிட்டு அந்தப் பையனும் சிரித்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு அவன் ஃபாரத்தை நிரப்பினேன்.

அதற்குப் பிறகு நான் திருக்கழுக்குன்றம் மார்க்கெட் பக்கம் போவதில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, கடையும் நன்றாக நடக்கிறது, போகாமல் இருக்கச் சொல்லிக்கொண்ட காரணம் ஒன்றுகூட இப்போது மிச்சமில்லை. இருந்தும், முன்பின் தெரியாத உங்கள் அத்தனை பேரிடமும் பேர் போடாமல் இதைச் சொல்ல முடிகிற எனக்கு, கேட்க வேண்டிய அந்தப் பத்துப் பேர் எதிரில் போய் நின்று சொல்ல இன்றுவரை கால் எழும்பவில்லை.