ஆடாத தரையில் ஒரு நேர்த்தையல்

டெய்லரக்காவுக்கு அன்று காலையிலிருந்தே கைகால் ஓரிடத்தில் நிற்கவில்லை. எழுந்ததும் நங்கூரச் சங்கிலியை இழுத்துப் பார்த்தாள். அடித்தட்டில் கசிந்து தேங்கிய தண்ணீரைப் பம்ப் அடித்து வெளியேற்றினாள். படகு சாயச் சாயத் தொட்டில் மாதிரி ஆடும் அடுப்பில் டீயை ஏற்றிவிட்டு, மேல்தட்டில் கிளிப் போட்டுக் காயவைத்த துணிகளைத் தொட்டுப் பார்க்கப் போனாள். உப்புத்தண்ணீரில் அலசிய துணி என்றைக்குத்தான் முழுசாகக் காய்ந்திருக்கிறது? அதற்குள் கீழே டீ பொங்கி வழிந்தது.

"ஒரு டீயப் போட்டுட்டு ஊரையே சுத்தி வர்றியே" என்றார் கணவர்.

"சுத்தப் பழக்கினது யாரு?"

தீவுக்குத் தீவு சுற்றும் பாய்மரப் படகுக்காரர்கள் எல்லோருக்கும் அவள் டெய்லரக்கா. கிழிந்த பாய், வெயிலில் நைந்த கூடாரத்துணி, மெத்தை உறை, எதுவானாலும் அவளிடம்தான் வரும். கணவர் இன்ஜின் மெக்கானிக். பாதி மூழ்கிக் கிடந்த இந்தப் படகைத் தானே சரிசெய்து மிதக்கவிட்டு, வாடகை வீட்டைக் காலி பண்ணி, "ரெண்டு வருஷம் சுத்திட்டு வந்துடலாம்" என்று அவளையும் ஏற்றிக்கொண்டவர். அந்த ரெண்டு வருஷம் இன்னும் முடிந்தபாடில்லை.

சாப்பாட்டு மேசைதான் தையல் மேசை. மெஷினை பெல்ட் போட்டுக் கட்டி, முட்டியை மேசைக்காலில் முட்டுக் கொடுத்து உட்காருவாள். படகு இடப்பக்கம் சாய்ந்தால் உடம்பை வலப்பக்கம் கொடுப்பாள். பாயின் மறுமுனை படுக்கையைத் தாண்டிப் போய்க் கழிப்பறைக் கதவை அடைத்துக்கொண்டு கிடக்கும். அவசரத்துக்குப் போகிறவர் அவளைக் கெஞ்ச வேண்டும். ஆனால் தையல் மட்டும் கோடு கிழித்த மாதிரி போகும்.

அந்தத் தையலைப் பார்த்துத்தான் கரையில் பாய்ப்பட்டறை நடத்தும் பட்டறையம்மா அவளைக் கூப்பிட்டிருந்தாள். வேலையும் உண்டு, மாடியில் குடியிருக்க அறையும் உண்டு. இன்று ஒரு பாயைத் தைத்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வேறொருத்தி காத்திருக்கிறாள்.

சொல்லி வைத்த மாதிரி இன்றைக்கென்று காற்றும் பயணத்துக்குத் தோதாகத் திரும்பியிருந்தது.

"பக்கத்துப் படகுக்காரன் கிளம்பிட்டான். விடிஞ்சதும் நாமளும் கிளம்பலாம்" என்றார் கணவர்.

"அடுத்த தீவுல என்ன இருக்கு?"

"போனாத்தானே தெரியும்."

"எனக்குப் போகாமயே தெரியும். இறங்குனா வெயில், ஏறுனா ஆட்டம்."

ரப்பர் படகை அவளே துடுப்புப் போட்டுக் கரைக்குப் போனாள்.

பட்டறையில் சிமெண்ட் தரை. ஒரு முழுப் பாயை மடிக்காமல் விரிக்கலாம். மெஷினுக்கு பெல்ட்டும் வேண்டாம், முட்டும் வேண்டாம். உட்கார்ந்து மிதித்தாள். வராத அலைக்கு உடம்பு தானாகச் சாய்ந்தது. துணி நகர்ந்தது, தையல் வளைந்தது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். இன்னும் மோசம்.

பட்டறையம்மா துணியைத் தூக்கிப் பார்த்தாள். "என்னடி இது, பாம்பு ஊர்ந்த தடமா? அந்தப் பாயெல்லாம் நீ தெச்சதுதானா?"

"நான்தான்கா. இங்க தரை ஆடுது."

மற்ற தையல்காரிகள் சிரித்துவிட்டார்கள். "தரை ஆடல அக்கா, நீங்கதான் ஆடுறீங்க" என்றாள் ஒருத்தி.

டெய்லரக்காவுக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. "உடம்பு நிதானத்துக்கு வரணும்கா. மேல தங்கிக்கிட்டுத் தெச்சுப் பாக்கறேன். ஒரு வாரத்துல தையல் நேரா வரலேன்னா, காத்திருக்கறவளையே கூப்பிட்டுக்குங்க."

"விடிஞ்சா கிளம்பறோம்னு உன் வீட்டுக்காரர் டீசல் பிடிக்க வந்தப்ப சொன்னாரே?"

"அவர் சொன்னாரு. நான் சொல்லல."

அவள் படகுக்குத் திரும்பியபோது கணவர் பாயின் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். தையல் கோணிப்போன கதையைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை மறைக்கப் பார்த்தார். முடியவில்லை.

"விடு. உனக்குக் கரை ஒத்துவராது" என்றார்.

அவள் தலையணையையும் இரண்டு சேலைகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்தாள். "ஒரு வாரம் கேட்டு வாங்கியிருக்கேன்."

"காத்து போயிடும்மா."

"போகட்டும். இன்னொரு காத்து வரும். இந்த இடம் போனா போனதுதான்."

"அப்ப நான்?"

"படகுக்கு ஒரு ஆள் வேணுமில்ல? நங்கூரம் நழுவுனா யாரு பாக்கறது?"

அவர் கழற்றிய உறையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு, "நீ இல்லேன்னா படகு ஒரு பக்கமா சாயும்" என்றார்.

"அரிசி மூட்டைய என் பக்கம் நகத்தி வைங்க."

சிரிக்கக் கூடாது என்றிருந்தவர் சிரித்துவிட்டார். துடுப்பை அவரே எடுத்தார்.

சாயங்கால வெயில் பட்டறை ஜன்னலில் சரிந்திருந்தது. எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். பையைச் சுவரோரம் போட்டுவிட்டு அவள் மெஷினில் உட்கார்ந்து, ஒரு கழிவுத் துணியை ஊசிக்கடியில் தள்ளினாள். முதல் முழம் நேராக வந்தது. அடுத்த முழத்தில் உடம்பு மறுபடி சாய்ந்தது.

நூலை அறுத்தாள். இன்னொரு துண்டை எடுத்தாள்.